மூன்று சீட்டு, மூன்று விதம்: டாக்டர் எதைப் பார்த்து மருந்து எழுதுகிறார்?

கோபிச்செட்டிபாளையத்திலிருந்து கேட்டிருக்கிறீர்கள். அம்மாவுக்கு 62 வயது, சர்க்கரையும் பிரஷரும் இருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுப்பது சர்க்கரைக்கு மெட்பார்மின், க்ளிமிபிரைடு, பிரஷருக்கு அம்லோடிபின். உள்ளூர் டாக்டர் எழுதியது க்ளிமிபிரைடும் மெட்பார்மினும் சேர்ந்த ஒரே மாத்திரை, பிரஷருக்கு டெல்மிசார்டன் 40, கூடவே வயிற்று அமிலத்தைக் குறைக்கும் பேன்டோப்ரசோலும் ஒரு விட்டமினும். கோயமுத்தூரில் காட்டிய சர்க்கரை நிபுணர் எழுதியது சர்க்கரைக்கு டாபாக்ளிஃப்ளோசினும் சிட்டாக்ளிப்டினும் சேர்ந்தது ஒன்று, மெட்பார்மின், டெல்மிசார்டன், கொலஸ்ட்ராலைக் குறைக்கும் அடோர்வாஸ்டாட்டின். ஒரே ஆள், ஒரே நோய், மூன்று சீட்டு. டாக்டர்கள் எதைப் பார்த்து எழுதுகிறார்கள், கம்பெனி கொடுப்பதைப் பார்த்தா என்பது உங்கள் கேள்வி. இதில் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. சீட்டுகள் ஏன் வேறுபடுகின்றன என்பது ஒன்று. இதில் எதை நம்பி அம்மாவுக்கு மாத்திரை கொடுப்பது என்பது இன்னொன்று. இரண்டாவதுதான் உங்களைத் தூங்கவிடாமல் செய்கிறது என்று எடுத்துக்கொண்டு பதில் சொல்கிறேன்.

நான் டாக்டர் இல்லை, மருந்தாளுநர். ஆஸ்பத்திரி மருந்தகத்தில் சீட்டுகளைச் சரிபார்ப்பது என் வேலை. மருந்து தரும் ஜன்னலுக்கு இந்தப் பக்கம் வந்து சேர்வது காகிதம் மட்டும்தான். டாக்டர் பார்த்த ரத்த ரிப்போர்ட், கால் வீக்கம், நோயாளி சொன்ன பழைய கதை எதுவும் என் கைக்கு வராது. அதனால் குறிப்பிட்ட ஒரு டாக்டர் ஏன் இதை எழுதினார் என்று சீட்டை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். பொதுவாக அவர் பேனாவை எதெது நகர்த்துகிறது என்று சொல்ல முடியும்.

சீட்டின் ஒவ்வொரு வரிக்குள்ளும் இரண்டு முடிவுகள் இருக்கின்றன. எந்த மருந்து என்பது முதல் முடிவு. அதே மருந்தை எந்தக் கம்பெனி எந்தப் பெயரில் செய்தது என்பது இரண்டாவது. முதல் முடிவில் படிப்பும் நோயாளியின் உடம்பும் அதிகம் பேசும், இரண்டாவதில் வியாபாரம் அதிகம் பேசும். இவை போக, சீட்டில் மொத்தம் எத்தனை வரி என்பதும் ஒரு முடிவுதான். அதில் மருத்துவம், வியாபாரம், நோயாளியின் எதிர்பார்ப்பு எல்லாமே கலந்திருக்கும். ‘கமிஷன்’ என்ற ஒரே அளவுகோலால் மூன்றையும் அளந்தால், தேவையான மருந்தை நிறுத்திவிட்டுத் தேவையில்லாததைத் தொடர்கிற நிலை வந்துவிடும். மருந்துக்கடைக்கு வருகிறவர்கள் அதிகம் செய்கிற தவறும் அதுதான்.

முதல் முடிவுக்கான பயிற்சி எம்.பி.பி.எஸ். படிப்பில் மருந்தியல் பாடத்திலேயே தொடங்குகிறது. உலக சுகாதார நிறுவனம் 1994-இல் வெளியிட்ட வழிகாட்டி சொல்லும் முறை இது: ஒரு நோய்க்கு இருக்கிற மருந்துகளைத் திறன், பாதுகாப்பு, பொருத்தம், விலை என்ற நான்கையும் வைத்து எடைபோட்டு, தனக்கென்று பழகிய ஒரு சிறு பட்டியலை உருவாக்கிக்கொள்ள வேண்டும். நடைமுறையிலும் ஒரு பொது மருத்துவர் திரும்பத் திரும்ப எழுதுவது சில டஜன் மருந்துகளைத்தான். அதில் தவறில்லை. நூறு மருந்தை அரைகுறையாகத் தெரிந்தவரைவிட, ஐம்பது மருந்தின் அளவையும் பக்கவிளைவையும் விரல்நுனியில் வைத்திருப்பவர் பாதுகாப்பானவர். சிக்கல் வருவது, அந்தப் பட்டியல் எந்தக் காலத்தில் உருவானது, அதற்குப் பிறகு திருத்தப்பட்டதா என்பதில். ஹவுஸ் சர்ஜனாகப் பயிற்சி பெற்ற காலத்தில் மூத்த டாக்டர் எழுதியதைப் பார்த்துப் பழகிய கை, இருபது வருஷம் கழித்தும் அதையே எழுதப் பார்க்கும்.

பொருத்தம் என்பதுதான் வெளியிலிருந்து பார்த்தால் தெரியாத பகுதி. நம் பக்கத்து வேலைகளை வைத்தே சொல்கிறேன். பல்லடத்தில் ஸ்பின்னிங் மில்லில் ஷிப்ட் மாறி மாறிப் போகிறவருக்கு க்ளிமிபிரைடு எழுதும்முன் டாக்டர் யோசிக்க வேண்டும். சாப்பாடு வந்ததா இல்லையா என்று பார்க்காமல் அந்த மாத்திரை கணையத்தை இன்சுலின் சுரக்க வைக்கும். காலையில் மாத்திரையைப் போட்டுவிட்டு, ஆள் குறைவு என்று சாப்பாட்டு நேரம் தள்ளிப்போனால் கை நடுங்கி, வியர்த்து, மெஷின் பக்கத்திலேயே மயங்கி விழலாம். தனியாகக் கொடுத்தால் சர்க்கரையை அந்த அளவுக்கு இறக்காத, சிட்டாக்ளிப்டின் போன்ற க்ளிப்டின் வகையை அவருக்கு எழுதினால், விலை கூடினாலும் அது நியாயமான தேர்வு. தறிக்குடோனில் நின்றபடி வேலை செய்யும் பெண்ணுக்குப் பிரஷருக்காக நீர் மாத்திரை எழுதினால் அவர் போடவே மாட்டார், அடிக்கடி வெளியே போக முடியாது. திருச்செங்கோட்டு போர்வெல் வண்டி டிரைவருக்கும் நாமக்கல் லாரி டிரைவருக்கும் சளிக்கு குளோர்பெனிரமைன் சேர்ந்த மாத்திரை கொடுத்தால் ஸ்டியரிங்கில் தூக்கம் வரும். அங்கே தூக்கம் அவ்வளவாக வராத ஃபெக்ஸோஃபெனடின் எழுதுவது ஆடம்பரம் இல்லை. சத்தியமங்கலம் மலையடிவாரத்துத் தோட்டத்திலிருந்து விடாத காய்ச்சலோடு வருபவரின் உடம்பில், பூச்சி கடித்துக் கருகிய சிறு புண் தெரிந்தால் டாக்டர் உண்ணிக்காய்ச்சலை நினைத்து டாக்சிசைக்ளின் எழுதுவார். ஊருக்குள் சாதாரணச் சளிக்காய்ச்சலுக்கு அது தேவையே இல்லை. ஒரே அறிகுறிக்கு இரண்டு சீட்டு வேறுபடுவதில் கணிசமான பங்கு இப்படி வருவதுதான்.

இப்போது உங்கள் கையிலிருக்கும் மூன்றையும் பார்ப்போம். ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டருக்குக் கைக்கெட்டுவது தமிழ்நாடு மருத்துவ சேவைக் கழகம் வாங்கி அனுப்பும் பட்டியல். 1994-இல் தொடங்கிய கழகம் இது. மருந்தின் பெயரில்தான் டெண்டர், பிராண்டில் இல்லை. மாவட்டக் கிடங்கிலிருந்து ஒவ்வொரு ஆஸ்பத்திரியும் பாஸ்புக் கணக்கில் மருந்து எடுக்கும். அங்கே எழுதுபவர் பட்டியலில் இருப்பதைத்தான் எழுதுவார், அன்று இருப்பில் உள்ளதைத்தான் கொடுப்பார். கம்பெனி ஆள் வந்து அந்தச் சீட்டை மாற்றுவதற்கு இடம் மிகக் குறைவு. மெட்பார்மின், க்ளிமிபிரைடு, அம்லோடிபின் மூன்றும் பல ஆண்டுகள் பார்த்துத் தேறிய மருந்துகள். விலையில்லாமல் கிடைப்பதால் தரம் குறைந்த சிகிச்சை என்று நினைக்க வேண்டாம். குறை வேறு இடத்தில் இருக்கிறது: அம்லோடிபினில் கணுக்கால் வீங்கினாலோ, சிறுநீரில் புரதம் ஒழுகினாலோ, அதைக் கவனித்து மாற்றுவதற்கு நெரிசலில் நேரம் கிடைக்காமல் போகலாம்.

உள்ளூர் டாக்டர் டெல்மிசார்டனுக்கு மாற்றியிருப்பதற்குக் காரணம் அந்தக் கால் வீக்கமாக இருக்கலாம். சர்க்கரையோடு சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம் வந்திருந்தால் அந்த மாற்றம் இன்னும் சரி, அந்த வகை மருந்து சிறுநீரகத்தைக் காக்கிறது என்பது உறுதியான ஆதாரமுள்ள செய்தி. பேன்டோப்ரசோல் வரியைத்தான் நான் கேள்வி கேட்பேன். வயிற்றுப்புண், நெஞ்செரிச்சல் இருந்தாலோ, ஆஸ்பிரின், வலி மாத்திரை சேர்த்துப் போட்டாலோ அது வேண்டும். சர்க்கரை மாத்திரைக்குத் துணையாக அது தேவையில்லை. ‘மாத்திரை சூடு, வயிறு புண்ணாயிடுமுங்க’ என்ற பேச்சை டாக்டர் முந்திக்கொண்டு அடைக்கிற வரி அது. விட்டமின் வரியை அப்படி ஒதுக்கிவிட முடியாது. மெட்பார்மின் பல வருஷம் போட்டால் உடம்பில் பி12 குறையும். பி12 அளவு பார்த்துக் குறைவாக இருந்து எழுதியிருந்தால் அது சிகிச்சை. பார்க்காமல், பத்துப் பதினைந்து சத்துகள் கலந்த விலை கூடிய கேப்சூலாக எழுதியிருந்தால் சந்தேகப்படலாம்.

கோவை நிபுணரின் சீட்டில் அடோர்வாஸ்டாட்டினைப் பார்த்துப் பயந்திருக்கிறீர்கள், ‘கொலஸ்ட்ரால் இல்லையே’ என்று. 40 வயது தாண்டிய சர்க்கரை நோயாளிக்குக் கொழுப்பு அளவு சுமாராக இருந்தாலும் இந்த ஸ்டாட்டின் வகை மருந்து தரச் சொல்லித்தான் சர்வதேச வழிகாட்டிகள் பரிந்துரைக்கின்றன. மாரடைப்பைத் தடுப்பதற்கான மருந்து அது. டாபாக்ளிஃப்ளோசினும் வெறும் புது மோஸ்தர் இல்லை. இதயம் பலவீனமானவர்களுக்கு 2019-இலும், சிறுநீரகம் பழுதானவர்களுக்கு 2020-இலும் வெளியான பெரிய ஆய்வுகளில் அது பலன் காட்டியது. அம்மாவுக்கு இந்த இரண்டில் ஒன்று இருந்தால் அதை நிறுத்தக் கூடாது. இரண்டும் இல்லை, மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை பழைய மாத்திரையிலேயே கட்டுக்குள் இருந்தது என்றால், ‘இது அவசியமா?’ என்று நிபுணரிடமே கேட்பது தப்பே இல்லை. அந்த மாத்திரை போடுகிறவர்களுக்குப் பிறப்புறுப்பில் பூஞ்சைத் தொற்று வரலாம். அம்மா வெட்கப்பட்டுச் சொல்லாமல் விடுவார், நீங்கள்தான் கேட்க வேண்டும். மாரியம்மன் நோன்புக்கு விரதம் இருந்தாலோ, வாந்தி பேதி வந்தாலோ அந்த நாட்களில் அதை நிறுத்தி வைக்க வேண்டுமா என்று முன்கூட்டியே டாக்டரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

புது மருந்துகள் இந்தச் சில வருஷங்களில் திடீரென்று எல்லாச் சீட்டிலும் வந்ததற்கு இன்னொரு காரணம் காப்புரிமைக் காலம் முடிந்தது. கண்டுபிடித்த கம்பெனிக்கு மட்டும் இருந்த அந்த உரிமை, இதே வகைகளைச் சேர்ந்த சர்க்கரை மருந்துகளில் வில்டாக்ளிப்டினுக்கு 2019 டிசம்பரிலும், டாபாக்ளிஃப்ளோசினுக்கு 2020 அக்டோபரிலும், சிட்டாக்ளிப்டினுக்கு 2022 ஜூலையிலும், எம்பாக்ளிஃப்ளோசினுக்கு 2025 மார்ச்சிலும் முடிந்தது. முடிந்த கையோடு பல கம்பெனிகள் ஒரே மருந்தைப் பல பெயர்களில் இறக்கின, விலை பாதிக்கும் கீழே போனது. விலை இறங்கியதால் டாக்டர் துணிந்து எழுதுகிறார் என்பது நல்ல பக்கம். அத்தனை கம்பெனிகளின் விற்பனைப் பிரதிநிதிகளான ரெப்புகளும் ஒரே மருந்தோடு ஒரே கிளினிக் வாசலில் நிற்கிறார்கள் என்பது இன்னொரு பக்கம். இந்த இரண்டில் எது எவ்வளவு வேலை செய்தது என்று பிரித்துச் சொல்வது கடினம்.

நேரமும் நோயாளியும் கொடுக்கிற நெருக்குதல் பற்றி யாரும் பேசுவதில்லை. ‘ஏனுங்க டாக்டர், வெறும் மாத்திரையா குடுக்கறீங்க? ஒரு ஊசி போட்டுடுங்க, நாளைக்கு லோடு ஏத்தப் போகோணும்’ என்று கேட்பவரிடம், இது வைரஸ் காய்ச்சல், மூன்று நாளில் தானாக இறங்கும், பாராசிட்டமாலும் தண்ணீரும் போதும் என்று புரியவைக்கப் பத்து நிமிஷம் வேண்டும். அசித்ரோமைசின் 500 என்று ஒரு ஆன்டிபயாடிக் எழுத அரை நிமிஷம். வெளியே முப்பது பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். இரண்டு நாளில் காய்ச்சல் விடாவிட்டால் அவர் அடுத்த தெரு டாக்டரிடம் போவார், தானாக விடப்போகிற காய்ச்சல் அங்கே விடும், பெயர் அந்த டாக்டருக்குப் போகும். சிறு ஊரில் பிராக்டிஸ் செய்பவருக்கு இந்தப் பயம் உண்மையானது. அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் 2014-இல் வந்த ஆய்வில், சளி இருமலோடு வந்தவர்களுக்கு ஆன்டிபயாடிக் எழுதும் போக்கு, கிளினிக் தொடங்கிய முதல் மணி நேரத்தைவிட நான்காவது மணி நேரத்தில் சுமார் கால் பங்கு கூடியிருந்தது. களைத்த மனம் சுலபமான வழியைத் தேடுகிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். விளக்கம் சரிதானா என்பதில் விவாதம் இருக்கலாம், போக்கு நமக்கும் பழக்கமானதுதான். அதோடு வழக்குப் பயமும் சேரும். 1995-இல் உச்ச நீதிமன்றம் மருத்துவச் சேவையை நுகர்வோர் சட்டத்துக்குள் கொண்டுவந்த பிறகு, ‘எழுதாமல் விட்டுவிட்டார்’ என்ற குற்றச்சாட்டுக்குப் பயந்து ஒரு வரி கூடுதலாக எழுதும் பழக்கம் பலருக்கு உண்டு.

சக டாக்டர்களைப் பார்த்து எழுதுவது பற்றி ஒரு பழைய ஆய்வு இருக்கிறது. 1950-களில் இல்லினாய் மாநிலத்தின் நான்கு ஊர்களில் டெட்ராசைக்ளின் என்ற புது ஆன்டிபயாடிக் டாக்டர்களிடையே எப்படிப் பரவியது என்று பார்த்தார்கள். நண்பர்கள் அதிகமுள்ள டாக்டர்கள் சீக்கிரம் எழுதத் தொடங்கினார்கள், ஆகவே பழக்கத்தால் பரவியது என்று முடிவு சொன்னார்கள். 2001-இல் வேறு இருவர் அதே தரவில் கம்பெனிகளின் விளம்பரச் செலவையும் சேர்த்துக் கணக்குப் போட்டபோது, அந்த ‘நண்பர் விளைவு’ காணாமல் போனது. டாக்டர் தன் நண்பரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதாக நினைக்கலாம், அந்த நண்பருக்குச் சொன்னது யார் என்று பார்த்தால் கம்பெனியாக இருக்கலாம். இந்தத் துறையில் எதையும் ஒரே காரணத்தில் அடைக்கக் கூடாது என்பதற்கு இந்த ஆய்வைத்தான் நான் எப்போதும் சொல்வேன்.

இனி பிராண்ட். இங்கே உங்கள் சந்தேகத்துக்கு வலுவான அடிப்படை இருக்கிறது. இந்தியாவில் 1972 முதல் 2005 வரை மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை கிடையாது, செய்முறைக்கு மட்டும்தான் உண்டு, வேறு முறையில் யாரும் அதே மருந்தைச் செய்யலாம். அதனால் ஒரே மருந்து நூறு பெயர்களில் விற்கிறது. மருந்தில் வித்தியாசம் காட்ட முடியாதபோது பெயரை நினைவில் நிறுத்துவதுதான் வியாபாரம். ரெப் மாதம் ஓரிரு முறை வருவார், படம் காட்டி இரண்டு நிமிஷம் பேசுவார், சாம்பிள் வைப்பார், கிளம்பிப் பக்கத்து மெடிக்கலுக்குப் போவார். அங்கே கடைக்காரரிடம் ‘டாக்டர் இந்த வாரம் என்ன எழுதினார், எங்களது எத்தனை, அவங்களது எத்தனை’ என்று விசாரித்துக் குறித்துக்கொள்வார். இந்தச் சீட்டுத் தணிக்கை மருந்து விற்பனையில் வழக்கமான வேலை, ஒளித்துச் செய்வதல்ல. எந்த டாக்டர் எவ்வளவு எழுதக்கூடியவர் என்று தரம் பிரித்து, அதற்கேற்ப அவரிடம் போய் வருவார்கள். தன் பேனா எண்ணப்படுகிறது என்பது டாக்டருக்கும் தெரியும்.

இது சீட்டை மாற்றுகிறதா? மாற்றுவதோடு சேர்ந்தே காணப்படுகிறது என்பது வரை உறுதி. 2010-இல் வந்த ஒரு பெரிய தொகுப்பாய்வு, கம்பெனித் தகவலோடு அதிகம் பழகிய டாக்டர்களிடம் அந்த மருந்தை அதிகம் எழுதுவதும், செலவு கூடுவதும், தரம் குறைவதும் பல ஆய்வுகளில் தெரிந்ததாகச் சொன்னது. சில ஆய்வுகளில் எந்தத் தொடர்பும் இல்லை. சீட்டின் தரம் உயர்ந்ததற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. 2016-இல் அமெரிக்காவின் பொதுப்பதிவுகளை வைத்துச் செய்த ஆய்வில், 20 டாலருக்கும் குறைவான ஒரே ஒரு சாப்பாடு வாங்கிக்கொண்டவர்கள்கூட அந்தக் கம்பெனியின் பிராண்டைக் கூடுதலாக எழுதியிருந்தார்கள். சாப்பாடுதான் எழுத வைத்ததா, எழுதுகிறவருக்குத்தான் சாப்பாடு போனதா என்பதை அந்த ஆய்வால் சொல்ல முடியாது. 2001-இல் பயிற்சி மருத்துவர்களிடம் கேட்டதில் 61 சதவீதத்தினர் ‘கம்பெனி விளம்பரம் என்னைப் பாதிப்பதில்லை’ என்றார்கள். மற்ற டாக்டர்களும் அப்படியே பாதிக்கப்படாதவர்கள் என்று நம்பியவர்கள் 16 சதவீதம் மட்டுமே. உங்கள் டாக்டரிடம் கேட்டாலும் மனசாட்சிப்படி ‘இல்லை’ என்றுதான் சொல்வார், பொய் சொல்கிறார் என்று அர்த்தமில்லை. அமெரிக்காவில் யார் யாருக்கு என்ன கொடுத்தார்கள் என்று எவரும் இணையத்தில் பார்க்கலாம். நம் நாட்டில் அப்படி ஒரு பொதுப்பதிவு இல்லை, அதனால் நம் ஊர் நிலவரத்துக்கு எண் போட்டுச் சொல்பவரை நம்பாதீர்கள்.

விதிகள் இருக்கின்றன. டாக்டர்களின் நடத்தை விதிகளில் 2009-இல் வந்த திருத்தம் கம்பெனியிடம் பரிசு, பயணம், பணம் வாங்குவதைத் தடை செய்தது. 2022 பிப்ரவரி 22-இல் உச்ச நீதிமன்றம், டாக்டர்களுக்குக் கொடுத்த இலவசங்களை வருமான வரியில் செலவாகக் காட்ட முடியாது என்று தீர்ப்பளித்தது. 2024 மார்ச் 12-இல் மத்திய அரசு வெளியிட்ட மருந்து விற்பனை நெறி, சாம்பிளுக்கும் வரம்பு வைத்தது: ஒரு மருந்துக்கு ஒரு டாக்டருக்கு ஆண்டுக்குப் பன்னிரண்டு பொதிக்கு மேல் கூடாது, மொத்தச் சாம்பிள் மதிப்பு கம்பெனியின் உள்நாட்டு விற்பனையில் 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. ஆனால் அதன் கீழ் புகாரை விசாரிப்பது கம்பெனிகளின் சங்கங்களே அமைக்கும் குழு. எனக்கு அது போதுமானதாகத் தெரியவில்லை.

காசு வெளிப்படையாகப் புழங்குவது கிளினிக்கோடு ஒட்டிய மருந்துக்கடையில்தான். நம் பக்கம் சிறு ஊர்களில் டாக்டரே பொட்டலம் கட்டிக் கொடுப்பது பழைய வழக்கம், தன் நோயாளிக்குத் தானே மருந்து தர சட்டத்தில் அனுமதி உண்டு. கவனிக்க வேண்டியது, அந்த ஒரு கடையைத் தவிர கோபியிலோ ஈரோட்டிலோ எங்கேயும் கிடைக்காத பிராண்ட். சிறு கம்பெனிகள் பெரிய ஆலையில் செய்யச் சொல்லித் தங்கள் பெயரை ஒட்டி, ஏரியாவுக்கு ஒருவருக்கு விற்பனை உரிமை கொடுப்பார்கள். அட்டையில் எம்.ஆர்.பி. உயரமாக இருக்கும், கடைக்கு வருகிற விலை அதில் ஒரு சிறு பங்கு. மருந்து கெட்டது என்று இல்லை, வித்தியாசம் உங்கள் பையிலிருந்து போகிறது. வெளிக்கடையிலும் இதே கதை உண்டு. பிராண்ட் அல்லாத ‘ஜெனரிக்’ மருந்து என்று சொல்லிக் கொடுக்கிற அட்டையிலும் சில நேரம் எம்.ஆர்.பி. அதே உயரத்தில் இருக்கும், லாபம் டாக்டரிடமிருந்து கடைக்காரருக்கு மாறுகிறது, அவ்வளவுதான். டாக்டர் ஒரு பிராண்ட் எழுதியிருக்கும்போது கடைக்காரர் தானாக வேறு கொடுக்கக் கூடாது என்று மருந்து விதிகள் சொல்வதற்கு இதுவும் ஒரு நியாயம்.

விலை குறைந்த மருந்தை எழுதத் தயங்கும் டாக்டர் எல்லோரும் கம்பெனி ஆள் என்று சொல்ல மாட்டேன். தரத்தைப் பற்றிய பயம் நிஜம். எல்லா மாத்திரைக்கும் ‘முதன்முதலில் வந்த மருந்தைப் போலவே ரத்தத்தில் கலக்கிறதா’ என்ற சோதனை இங்கே கட்டாயமாக இருந்ததில்லை. கரையச் சிரமப்படும் வகை மருந்துகளுக்கு அது 2017-இல்தான் கட்டாயமானது. தேசிய மருத்துவ ஆணையம் ஜெனரிக் பெயரில் மட்டும் எழுதச் சொல்லி 2023 ஆகஸ்டில் கொண்டுவந்த விதியை அதே மாதம் நிறுத்தி வைத்தது, டாக்டர்கள் எழுப்பிய எதிர்ப்பின் மையமும் தரம்தான். ஆனால் விலை கூடிய பிராண்ட் என்றால் தரம் உறுதி என்பதற்கும் ஆதாரம் இல்லை. அரசுக் கழகம் வாங்கும் மருந்துகள் ஆய்வுக்கூடத்தில் தேறிய பிறகே ஆஸ்பத்திரிக்குப் போகின்றன. மெட்பார்மின், அம்லோடிபின், டெல்மிசார்டன், அடோர்வாஸ்டாட்டின் போன்றவற்றை மத்திய அரசுத் திட்டமான மக்கள் மருந்தகத்திலோ, தமிழக அரசு 2025 பிப்ரவரியில் திறந்த முதல்வர் மருந்தகத்திலோ வாங்குவதில் எனக்குத் தயக்கம் இல்லை. பிராண்டைத் தன்னிச்சையாக மாற்றக் கூடாத சில மருந்துகள் உண்டு: வலிப்புக்கான ஃபெனிடாயின், ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின், தைராய்டு மாத்திரை, மனநலச் சிகிச்சைக்கான லித்தியம், உறுப்பு மாற்றியவர்கள் போடும் சைக்ளோஸ்போரின். இவற்றில் சிறு ஏற்ற இறக்கமும் ஆளைப் படுக்க வைக்கும். மாற்றியே ஆக வேண்டுமென்றால் டாக்டருக்குச் சொல்லிவிட்டு, தைராய்டுக்கு ஆறு முதல் எட்டு வாரத்திலும், வார்ஃபரினுக்கு ஒரு வாரத்துக்குள்ளும் ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும்.

உங்கள் வீட்டில் இன்றே செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது, அது கமிஷனைவிட அவசரம். மூன்று இடத்து மாத்திரைகளையும் மேசையில் கொட்டி, ஒவ்வொரு அட்டையிலும் மருந்தின் பெயரைப் படியுங்கள். ஒரே மருந்துள்ள மாத்திரைகளில் அந்தப் பெயரை பிராண்டைவிட இரண்டு அளவு பெரிய எழுத்தில் அச்சிட வேண்டும் என்று 2018-இலிருந்து விதி. கூட்டு மாத்திரையில் பின்பக்கம் ‘ஒவ்வொரு மாத்திரையிலும்’ என்ற இடத்துக்குக் கீழே பாருங்கள். சுகாதார நிலையத்து அட்டையில் க்ளிமிபிரைடு இருக்கிறது, உள்ளூர் டாக்டரின் கூட்டு மாத்திரையிலும் அதே க்ளிமிபிரைடு இருக்கிறது. பெயர் வேறு, நிறம் வேறு என்று அம்மா இரண்டையும் போட்டுக்கொண்டிருந்தால் இரட்டை அளவு போகிறது. சிறுநீரகம் கொஞ்சம் தளர்ந்த வயதில் இது நாள் முழுக்கச் சர்க்கரையை இறக்கி வைக்கும். மெட்பார்மின் மூன்று சீட்டிலும் இருக்கிறது. ராத்திரி வியர்வை, விடியற்காலைத் தலைவலி, காரணமில்லாத குழப்பம், நடுக்கம் ஏதாவது இருந்ததா என்று கேளுங்கள். இருந்தால் உடனே குளுக்கோமீட்டரில் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால், விழுங்கும் நிலையில் இருக்கிற வரை, மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் கொடுங்கள், 15 நிமிஷம் கழித்து மறுபடி பாருங்கள். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐக் கூப்பிடுங்கள். க்ளிமிபிரைடால் இறங்கிய சர்க்கரை ஏறின பிறகும் மறுபடி இறங்கும், அதனால் ஆஸ்பத்திரியில் ஒரு நாளாவது கண்காணிப்பில் வைப்பார்கள்.

அதன்பிறகு மூன்று டாக்டர்களில் ஒருவரைத் தேர்ந்து, மூன்று சீட்டையும் எல்லா அட்டையையும் அவர் முன்னால் வையுங்கள். யார் என்பது உங்கள் வசதி. மாதாமாதம் போய் வர முடிகிறவராக இருப்பது நல்லது. மற்றவர்களின் சீட்டை மறைக்க வேண்டாம். ‘இதுல எது வேணுமுங்க, எதை நிறுத்தலாமுங்க?’ என்று கேளுங்கள். ஒவ்வொரு வரிக்கும் எதற்காக, எத்தனை நாளைக்கு, எந்தப் பரிசோதனை பார்த்து என்று குறித்துக்கொள்ளுங்கள். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின், சிறுநீரில் ஆல்புமின், பொட்டாசியம், மூன்று மாதச் சர்க்கரை, பி12 இந்த ஐந்தும் இல்லாமல் நீங்கள் சொன்ன மூன்று சீட்டில் எது சரி என்று யாராலும் சொல்ல முடியாது. விலை கட்டுப்படவில்லை என்றால் அதையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். பெரும்பாலான டாக்டர்கள் கேட்டால் மாற்றித் தருவார்கள், நோயாளி கட்டுப்படாமல் பாதியில் நிறுத்துவதைத்தான் அவர்கள் அதிகம் அஞ்சுகிறார்கள். மருந்தின் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதித் தரச் சொல்லிக் கேட்பது உங்கள் உரிமை, 2016-இலிருந்து நடத்தை விதியிலேயே அது இருக்கிறது. அட்டை விலையை மாத்திரை எண்ணிக்கையால் வகுத்து ஒரு மாத்திரை விலையை ஒப்பிடுங்கள், ஒரு கம்பெனி பத்து வைக்கும், இன்னொன்று பதினைந்து வைக்கும். விலைக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ள மருந்துக்கு அரசு வைத்த உச்சவிலையை ‘பார்மா சகி தாம்’ செயலியில் பார்க்கலாம். மருந்து மாறிய இரண்டு வாரத்தில் பிரஷரையும், டெல்மிசார்டன் புதிதாகத் தொடங்கியிருந்தால் கிரியேட்டினினையும் பொட்டாசியத்தையும் ஒருமுறை பார்த்துவிட்டு, அந்தத் தாளோடு அதே டாக்டரிடம் மறுபடி போங்கள்.